தனி வட்டாரம், தனிப் பூங்கா

“நம் வட்டாரத்துக்கு வேண்டியதை நாமே செய்துகொள்வோம், மாநகராட்சியை நம்பிப் பயனில்லை” என்னும் பேச்சு அண்மைக் காலமாக நம் நகரங்களில் ஓங்கி ஒலிக்கிறது. குடியிருப்போர் நலச் சங்கங்களின் கூட்டங்களில் அதைக் கேட்கிறோம். மெத்தப் படித்தோர் எழுதும் கட்டுரைகளில் காண்கிறோம். திருப்பலி முடிந்து கோவில் முற்றத்தில் நின்று பேசும் நம் பங்கு மக்களின் வாயிலும் அது வருகிறது. திட்டம் இதுதான்: ஒரு வட்டாரத்தை எல்லை கட்டித் தனியே பிரிப்பது, அதற்குள் வீடோ நிலமோ உடையோர்மீது தனி வரி ஒன்று விதிப்பது, அவ்வரி வருவாயை ஈடாகக் காட்டிக் கடன் பெறுவது, அப்பணத்தில் பூங்கா, சாலை, வடிகால், தெருவிளக்கு ஆகியவற்றை அமைத்து அவ்வட்டாரத்தாரே நிருவகிப்பது. கட்டுவோர் பயன் பெறுவர், பயன் பெறுவோர் கட்டுவர், இதில் என்ன குறை என்று கேட்கிறார்கள்.

குறை எல்லைக் கோட்டில் இருக்கிறது. அது எந்தத் தெருவோடு முடிகிறது, அதை அங்கே முடித்தவர் யார் என்னும் இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்லாமல் வரியைப் பற்றியும் வசதியைப் பற்றியும் பேசுவதைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

சங்கத்தாரின் சினத்தில் நியாயம் இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. 1993இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம், பூங்காக்கள், தோட்டங்கள், விளையாட்டுத் திடல்கள் ஆகியவற்றை நகராட்சி அமைப்புகளின் பணிகளுள் வெளிப்படையாகவே சேர்த்தது. பணியைச் சேர்த்தவர்கள் பணத்தைச் சேர்க்க மறந்தார்கள். சென்னையில் 1998இல் திருத்தப்பட்ட சொத்துவரி, இடையில் ஒருமுறை உயர்த்தப்பட்டுப் பின் திரும்பப் பெறப்பட்டது போக, 2022 வரை அப்படியே கிடந்தது. 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை தமிழகத்தின் நகர்ப்புற உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை, அதிகாரிகளே ஆண்டார்கள். உடைந்த ஊஞ்சலைப் பற்றி முறையிட ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லாத ஐந்தாண்டுகளைக் கண்ட மக்கள், தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ள எண்ணியதில் வியப்பில்லை. ஆனால் நோய் உண்மையானது என்பதால், சொல்லப்படும் மருந்து நல்லதாகிவிடாது. இம்மருந்தை நீண்ட காலம் உண்டு பார்த்த நாடு ஒன்று இருக்கிறது. அதன் உடல்நிலையைச் சற்று விசாரிப்போம்.

அமெரிக்காவில் 2017இல் எடுக்கப்பட்ட கணக்கின்படி, பள்ளி வட்டாரங்கள் நீங்கலாக, 38,000க்கும் மேற்பட்ட தனிப்பணி வட்டாரங்கள் இருந்தன. தீயணைப்புக்கு ஒன்று, குடிநீருக்கு ஒன்று, கொசு ஒழிப்புக்கு ஒன்று, கல்லறைத் தோட்டத்துக்குக்கூட ஒன்று. இவற்றுள் நன்மை செய்தவை உண்டு. சிகாகோ நகரில் தனித்தனியே இயங்கிய 22 பூங்கா வட்டாரங்களை 1934இல் ஒன்றாக இணைத்தார்கள்; முழு நகருக்கும் ஒரே பூங்கா வட்டாரம் என்றானது. இதை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். பிறகு தேவைப்படும்.

கலிபோர்னியாவின் கதை வேறு. 1978 ஜூன் மாதம் அம்மாநில மக்கள் ‘13ஆம் முன்மொழிவு’ என்பதை வாக்களித்து ஏற்றார்கள். சொத்துவரி சொத்து மதிப்பில் ஒரு விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வீடு கைமாறும் வரை அம்மதிப்பை ஆண்டுக்கு இரண்டு விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தக் கூடாது. சிறப்பு வரி வேண்டுமாயின் மூன்றில் இரு பங்கினரின் இசைவு வேண்டும். வீடுடையோர் மகிழ்ந்தனர். நகராட்சிகளின் கருவூலம் வற்றியது. புதிய குடியிருப்புகளுக்குச் சாலையும் சாக்கடையும் பூங்காவும் போட யாரிடமும் பணம் இல்லை. அப்போதுதான், 1982இல், ஹென்றி மெல்லோ, மைக் ரூஸ் என்னும் இரு சட்டமன்றத்தாரின் பெயரால் வழங்கும் சட்டம் பிறந்தது. ஒரு நிலப்பரப்பைத் தனி வட்டாரமாக அறிவித்து, அதற்குள் சிறப்பு வரி விதித்து, அதைக் காட்டிக் கடன் பத்திரம் விற்கலாம் என்று அச்சட்டம் வழி திறந்தது.

மூன்றில் இரு பங்கு இசைவை எப்படிப் பெறுவது? இங்கேதான் சூட்சுமம். அவ்வட்டாரத்தில் பதிவுபெற்ற வாக்காளர் பன்னிருவர்க்குக் குறைவாயின், வாக்குரிமை நில உடைமையாளருக்குப் போகும். அதுவும் ஆளுக்கு ஒரு வாக்கு என்றில்லை, ஏக்கருக்கு ஒரு வாக்கு! வீடு எழாத வெற்றுநிலத்தில் வாக்காளர் ஏது? நிலம் முழுவதும் மனை விற்கும் ஒரு நிறுவனத்தின் கையில் இருக்கும். அந்நிறுவனம் தன் ஏக்கர்களைக் கொண்டு தானே வாக்களித்து, இன்னும் வந்து குடியேறாத மக்கள்மீது இருபது, முப்பது ஆண்டுகளுக்கான வரியைச் சுமத்திவிடலாம். பின்னர் வீடு வாங்கும் குடும்பம் அதைக் கட்டியே தீர வேண்டும். தவறினால் வீடே ஏலத்துக்கு வரும். இதைத்தான் ‘உள்ளூர் மக்களின் தன்னாட்சி’ என்று நம்மவர் சிலர் போற்றுகிறார்கள். மக்களே இல்லாத இடத்தில் நடந்த தன்னாட்சி!

பூங்காக்கள் வந்தன என்பதை மறுப்பதற்கில்லை. புதுப் புறநகர்களின் புல்வெளிகள் கண்ணைக் கவரும். ஆனால் பழைய நகரின் நெருக்கடியான தெருக்களைச் சுற்றி எவரும் இத்தகைய கோடு போட முன்வருவதில்லை. கடன் கொடுப்பவர் நிலத்தின் மதிப்பைப் பார்த்துத்தான் கொடுக்கிறார். வாடகை வீட்டில் ஏழு பேர் உறங்கும் தெருவில் எதை ஈடு வைப்பது? ஒரு விழுக்காட்டு வரம்புக்குள் முடங்கிய பொதுப் பணமே அத்தெருவுக்குக் கதி. தமக்கென்று தனிப் பூங்கா பெற்றுவிட்டவர்களுக்கோ அப்பொதுப் பணத்தைப் பெருக்க வேண்டும் என்னும் ஆவல் குறைந்துவிடுகிறது. இரண்டு பூங்காவுக்கு எதற்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று அவர்கள் கேட்பது மனித இயல்பு. ராபர்ட் ரைஷ் என்னும் பொருளியல் அறிஞர் 1991இல் எழுதிய கட்டுரை ஒன்றில், வசதி படைத்தோர் பொது வாழ்விலிருந்து ஓசையின்றிப் பிரிந்து செல்வதைப் ‘பிரிவினை’ என்றே குறிப்பிட்டார். அவர் தேர்ந்த சொல் மிகை என்று நமக்குத் தோன்றவில்லை.

கோட்டை அகலமாகப் போட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 1996இல், ஆண்டுக்கு இரண்டரைக் கோடி டாலர் வீதம் முப்பது ஆண்டுகளுக்கு, நகர் முழுவதும் வரி தண்டிப் பூங்காக்களுக்குச் செலவிடும் ‘கே முன்மொழிவை’ ஏற்றது. பிள்ளைகள் நிறைந்த ஏழைப் பகுதிகளின் குறை தீரும் என்று நம்பினார்கள். சில ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் நிலப்படத்தில் வைத்துப் பார்த்தபோது, அப்பணமும் பல இடங்களில் ஏற்றத்தாழ்வைக் கூட்டவே செய்திருந்தது. காரணம் எளிது. விண்ணப்பித்துப் பெற வேண்டிய பணம் அது. விண்ணப்பம் எழுதவும் திட்டம் வரையவும் அலுவலகத்துக்கு நடக்கவும் நேரமும் ஆளும் உள்ள பகுதிகள் முந்திக்கொண்டன.

இவ்விடத்தில் நம் நாட்டுக்குத் திரும்பலாம். விண்ணப்பித்துப் பெறும் பணம் என்றவுடனேயே வாசகர் பலருக்கு ஒன்று நினைவுக்கு வந்திருக்கும். 1997இல் கலைஞர் கருணாநிதியின் அரசு தொடங்கி, 2021க்குப் பின் மீண்டும் உயிர்பெற்ற ‘நமக்கு நாமே’ திட்டத்தில், பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தரப்பு செலுத்தினால் எஞ்சியதை அரசு தருகிறது. பெயர் அழகானது. பல ஊர்களில் நல்ல பணிகள் நடந்துமிருக்கின்றன. எனினும் கணக்கைப் பாருங்கள்: மூன்று இலட்ச ரூபாய்ப் பணிக்கு ஓர் இலட்சம் திரட்ட முடிந்த நகருக்கு அரசின் இரண்டு இலட்சம் போகிறது. பத்தாயிரமும் திரட்ட முடியாத குப்பத்துக்கு அவ்வழியில் அரசுப் பணம் ஒன்றும் போகவில்லை. அரசுப் பணம் என்பது ஏழையும் கட்டிய வரிதானே? இருப்பவனுக்கு மேலும் கொடுக்கப்படும் என்னும் வேதவாக்கை நிதித்துறையார் இப்படிப் பொருள்கொள்ள வேண்டியதில்லை.

தனி வட்டாரத் திட்டம் இக்குறையைச் சட்டமாகவே ஆக்கிவிடும். ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்வோம். இடம் மட்டும் கற்பனை அன்று. சென்னையில் ராஜீவ் காந்தி சாலையை ஒட்டிக் கணினி நிறுவனங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் வரிசையாய் நிற்கின்றன. சாலையும் வடிகாலும் தங்களுக்குப் போதவில்லை என்று அவர்கள் வருந்துவது உண்மை. தங்களுக்கென்று தனி வட்டாரம் வேண்டுமென்று நாளை கேட்கிறார்கள் என்று கொள்வோம். அச்சாலைக்கு அருகிலேயே துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் இருக்கிறது; சற்றுத் தொலைவில் பெரும்பாக்கம் இருக்கிறது. நகரின் நடுவே ஆற்றோரங்களிலும் கால்வாய்க் கரைகளிலும் வாழ்ந்தவர்களை அகற்றிக் கொண்டுவந்து, வாரியக் குடியிருப்புகளில் வைத்த இடங்கள் அவை. அந்நிறுவனங்களின் தரையைத் துடைப்போரும், அம்மாடி வீடுகளில் பாத்திரம் கழுவுவோரும் அங்கிருந்துதான் வருகிறார்கள். அவர்கள் கோட்டுக்கு உள்ளேயா, வெளியேயா?

உள்ளே வைத்தால் வரி தண்ட முடியாது. ஆகவே வெளியே வைப்பார்கள். வாக்கு நில உடைமையைப் பொறுத்ததாயின் உள்ளே வைத்தாலும் அவர்களுக்குக் குரல் இராது. செல்வரின் வாயிலருகே இலாசர் கிடந்தார் என்று நற்செய்தி சொல்கிறது. அவர் அங்கே கிடந்ததனால்தான் செல்வர்மீது பழி வந்தது. வரைபடத்தைத் திருத்தி இலாசரை அடுத்த வட்டாரத்தில் சேர்த்துவிட்டால் பழியும் இல்லை, கணக்குப் புத்தகத்தில் ஏழையும் இல்லை!

மனச்சான்று ஒருபுறம் இருக்க, மழைநீருக்கும் இக்கோடு தெரியாது. அப்பகுதி முழுவதும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சார்ந்தது. 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது அச்சதுப்பு நிலம். அதன் நீர் ஒக்கியம் மடுவின் வழியே பக்கிங்காம் கால்வாயை அடைந்து கடலுக்குப் போக வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தென்சென்னையில் நீர் புகுந்தபோது மாடி வீடு, வாரிய வீடு என்று அது பார்க்கவில்லை. ஒரு வட்டாரம் தன் பணத்தில் தன் சாலையை இரண்டடி உயர்த்தி, தன் வடிகாலை ஆழப்படுத்தினால், அந்நீர் எங்கே போகும்? தாழ்ந்திருக்கும் அடுத்த தெருவுக்குத்தான். அவ்வட்டாரத்தின் வரவு செலவு அறிக்கையில் அது ‘வெள்ளத் தடுப்பு’ என்று பதிவாகும். அடுத்த தெருவில் அது வெள்ளம் என்று அறியப்படும். வடிகால் ஓர் ஊருக்கு முழுதாய் இருக்கலாம். துண்டு துண்டாய் இருக்க முடியாது. பணம் கட்டியவருக்கும்கூட அது பயன்படாது. மடுவு அடைபட்டால் கடலுக்கு வழியின்றி உயர்ந்த சாலையும் ஒருநாள் மூழ்கும்.

பூங்காவின் நிலையும் ஏறத்தாழ இதுவே. ‘பயன் பெறுவோர் கட்டுவர்’ என்னும் வாய்பாட்டைச் சொல்வோர், தியாகராய நகரிலுள்ள பனகல் பூங்காவுக்கு ஒருநாள் பிற்பகலில் சென்று பார்க்கட்டும். துணிக்கடைகளில் நின்றே வேலை செய்யும் பெண்கள், வெளியூரிலிருந்து பை சுமந்து வந்தவர்கள், பேருந்துக்குக் காத்திருக்கும் முதியவர்கள் இவர்களெல்லாம் அந்நகரில் வீடுடையவர்களா? வீட்டில் முற்றமும் மாடித் தோட்டமும் உடையவருக்குப் பூங்கா ஓர் அழகு. ஒற்றை அறையில் வாழ்பவருக்கு அதுவே முற்றம். மிகுதியாகப் பயன் பெறுபவர் கட்ட இயலாதவர் என்பது பூங்காவின் இலக்கணம். அதனால்தான் அதைப் பொதுப் பணத்தில் அமைக்கும் வழக்கம் வந்தது.

சட்டம் பொதுவுக்கென்று எழுதி வைத்ததையும் மதில் விழுங்கும் காலம் இது. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையை மேம்படுத்துவோர், அதில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும் என்பது தமிழகத்தின் கட்டட விதி. அவ்வாறு பொதுவாகிவிட்ட நிலத்திலும், வாயிற்காவலர் ‘யாரைப் பார்க்க வேண்டும்?’ என்று கேட்கும் இடங்கள் உண்டு. பராமரிப்பைத் தாங்களே பார்ப்பதாகச் சங்கத்தார் விளக்கம் கூறுவர். தனி வட்டாரம் வந்தால் அக்காவலருக்குச் சட்டமே சீருடை தைத்துக் கொடுக்கும்.

நம் பொதுநிலையினரில் கற்றறிந்த சிலர், இவ்வேற்பாட்டுக்குத் திருச்சபையின் சமூகப் போதனையையே துணைக்கு அழைப்பதுண்டு. சிறிய அமைப்பால் செய்ய முடிந்ததைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்ளக் கூடாது என்று திருத்தந்தை பதினோராம் பயஸ் 1931இல் வெளியிட்ட சுற்றுமடலில் கற்பித்தார். அந்தத் துணைநிலைக் கோட்பாடுதானே இது என்கிறார்கள். குருமடத்தில் நாமும் அதைப் பயின்றோம்; பாதிப் பாடத்தோடு வகுப்பை விட்டு எழுந்துவிடக் கூடாது. ‘பெரிய’ அமைப்பு ‘சிறியதற்குத்’ துணை நிற்க வேண்டும் என்பதே அக்கோட்பாட்டின் பெயர்க்காரணம். துணைநிலைக் கோட்பாடும் தோழமை உணர்வும் ஒன்றையொன்று பிரியலாகாது என்றும், தோழமை இல்லாத தன்னாட்சி தன்னலத்தில் போய் முடியும் என்றும் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2009இல் தம் சுற்றுமடலில் தெளிவுபடுத்தினார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய ‘லவுதாத்தோ சீ’ மடலில் நம் பொருளையே நேராகத் தொட்டார்: நகரங்களின் பாதுகாப்பான பகுதிகளில் பேணப்பட்ட பசுமைவெளிகள் இருக்க, சமூகம் ஒதுக்கித் தள்ளியவர்கள் வாழும் கண்காணாப் பகுதிகளில் அவை இல்லாதிருப்பதை அவர் சுட்டினார். எனவே திருத்தந்தையரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவோர், அவர்கள் முழுச் சாட்சியத்தையும் கேட்டுவிட்டு இறக்குவதே முறை.

அப்படியாயின் மக்கள் தாமாகப் பணம் போட்டு எதையும் செய்யவே கூடாதா? செய்யலாம், செய்தும் காட்டியிருக்கிறார்கள். சென்னையை அடுத்த ஆலந்தூர், அன்று ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் மக்கள் வாழ்ந்த தனி நகராட்சி. பாதாளச் சாக்கடை இல்லாமல் கழிவுநீர்த் தொட்டியோடும் கொசுவோடும் போராடிக்கொண்டிருந்த அவ்வூரில், 1990களின் இறுதியில், நகர்மன்றத் தலைவர் ஆர். எஸ். பாரதி காலத்தில், மக்களிடமே முன்பணம் கேட்டார்கள். வீட்டுக்கு 5,000 ரூபாய். வணிக நிறுவனத்துக்கு 10,000 ரூபாய். குழாய் ஒன்றும் புதைபடும் முன்னரே மக்கள் கட்டினார்கள்; அரசும் நிதி நிறுவனமும் எஞ்சியதைக் கொடுத்தன. சாக்கடை வந்தது. 2011இல் அந்நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்த பின்னும் அது ஊருக்குப் பயன்படுகிறது.

அன்று 5,000 ரூபாய் என்பது கூலித் தொழிலாளிக்கு எளிய தொகை அன்று. அவ்வகையில் அத்திட்டத்தையும் நாம் குறையற்றதெனச் சொல்லோம். ஆயினும் முதன்மையான ஒன்றை அவர்கள் சரியாகச் செய்தார்கள். ஏற்கெனவே இருந்த ஊரின் எல்லையையே எல்லையாகக் கொண்டார்கள். வசதியான நகர்களை மட்டும் வெட்டி எடுத்து ஒரு வட்டாரம் ஆக்கவில்லை. கேட்டவர்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். தவறினால் அடுத்த தேர்தலில் அவர்களை இறக்கிவிடலாம். வணிகரிடம் இரட்டிப்பாய் வாங்கினார்கள். சிகாகோ 1934இல் கண்ட வழியும் இதுதான்: 22 கோடுகளை அழித்து ஒன்றாக்கியது.

ஆகவே நாம் கேட்பது அளவானது. வரி வேண்டுமாயின் மாநகராட்சி முழுவதும் விதிக்கட்டும். மதிப்பு மிகுந்த சொத்து மிகுதியாகக் கட்டட்டும். பூங்கா எதுவும் இல்லாத வார்டுக்கு முதலில் செலவிடட்டும். மக்கள் பங்கு என்று கேட்கும் திட்டங்களில், ஏழைப் பகுதிகளுக்கு அப்பங்கை நீக்கிவிட வேண்டும். அல்லது அவர்கள் தரும் உழைப்பையும் பேணலையும் பங்காக ஏற்க வேண்டும். விண்ணப்பம் எழுதத் தெரியாத தெருவுக்கு அதிகாரி போக வேண்டும், தெரு அலுவலகத்துக்கு வரக் காத்திருக்கக் கூடாது. நம் பங்குகளில் படித்த இளைஞருக்குக் குறைவில்லை. ஒரு மனு எழுதிக்கொடுக்க ஞாயிறு மாலை ஒன்று போதும்.

நகர்ப்புறங்களில் வார்டுக் குழுக்களும் பகுதி சபைகளும் அமைக்க 2022இல் விதிகள் வந்துள்ளன. சங்கப் பொறுப்பில் இருக்கும் நம் மக்கள் பலர் அவற்றுக்குப் போவார்கள். தனி வட்டாரம், சிறப்புக் கட்டணம், மக்கள் பங்கு என்று எப்பெயரில் தீர்மானம் வந்தாலும், கையெழுத்திடும் முன் அதன் வரைபடத்தை மேசைமேல் விரிக்கச் சொல்லுங்கள். கோடு எந்தத் தெருவில் திரும்புகிறது என்று விரலை வைத்துப் பாருங்கள். அது திரும்பும் இடத்துக்கு அப்பால் யார் குடியிருக்கிறார்கள், அவர்களை இக்கூட்டத்துக்கு அழைத்தார்களா என்று கேளுங்கள்.